பாத்திமா மேரி சோற்றை விட்ட கதை

குடவாசலுக்குத் தெற்கே, சொன்னால்தான் பேருந்து நிற்கும் ஒரு ஊரில் பாத்திமா மேரி இருக்கிறாள். வாய்க்கால் ஓரமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய ஒரு தளம் போட்ட வீடு, குவைத்தில் ஒரு மகன், வீட்டில் ஒரு மருமகள். ஆண்டவர் அவளுக்குக் கொடுத்தது இவ்வளவுதான். அவளும் அதற்கு மேல் கேட்டவள் இல்லை.

தன் நிலத்தில் விளைந்த அரிசியைத் தவிர வேறு அரிசி அவள் வீட்டில் உலை ஏறியதில்லை. விடிந்ததும் பழைய சோறு, மத்தியானம் சுடு சோறு, இராத்திரி மிச்சச் சோறு என்று வாழ்ந்தவள். அப்படிப்பட்டவள் ஒரு சம்பாப் பட்டம் முழுக்க, ஒரே ஒரு வேளை தவிர, சோற்றைத் தொடாமல் இருந்தாள். வறுமையால் இல்லை. பத்தாயம் நிறைய நெல் இருந்தது. தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளைக் கட்டிப்போட்டது.

அவள் புருஷன் குழந்தைராஜுக்கு அடிக்கடி வயிறு எரியும். எரிந்தால் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுவார். "காத்துதான், வேற ஒண்ணும் இல்ல" என்பார். பிறகு சோறு இறங்காமல் போயிற்று. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பாத்திமா மேரியை வெளியே அனுப்பிவிட்டு அவளுடைய அண்ணனிடம் பேசினார். அண்ணன் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அதோடு எல்லாம் முடிந்தது. மாதா திருவிழாக் கொடி ஏறுவதற்குள் குழந்தைராஜ் கல்லறைக்குப் போய்விட்டார்.

மகன் எல்வின் அடக்கத்துக்கு வரவில்லை. கம்பெனி மாறிய சமயம், பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை. யாரோ ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடிக்க, அப்பாவைக் குழிக்குள் இறக்கியதை அவன் அங்கிருந்தே பார்த்தான். நடுவில் லைன் கட்டாகிவிட்டது. மண் போட்டதை அவன் பார்க்கவில்லை.

அடுத்த லீவில் வந்தபோது கூடத்துச் சுவரில் ஒரு கேமராவை மாட்டினான். வெள்ளை உருண்டை, நடுவில் கறுப்புக் கண். குவைத்தில் இருந்தபடியே அவன் செல்போனில் கூடம் தெரியும். அவன் அங்கே பேசினால் இங்கே அந்த உருண்டை பேசும்.

"ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க, ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா" என்றான்.

அப்போது பாத்திமா மேரிக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் கேமராவைப் பார்த்து "ஸ்தோத்திரம்ப்பா" என்பாள்.

போன வருடம் அவளுக்கும் நெஞ்சு எரிய ஆரம்பித்தது. சாப்பிட்டுப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்து திரும்பும். யாருக்கும் சொல்லவில்லை. மருமகள் ஜெனித்துக்குக் கண் கூர்மை. அவள் எல்வினிடம் சொல்லிவிட்டாள்.

எல்வின் உடனே போன் செய்தான். "தஞ்சாவூரு போயி குழாய் விட்டுப் பாத்துடும்மா."

"அதெல்லாம் வேணாம்ப்பா."

"அப்பாவும் இதேதாம்மா சொன்னாரு."

குழாய் என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணன் பார்த்த அந்தச் சுவர் அவளுக்கு ஞாபகம் வரும். குழாய் விடுகிற வரைக்கும் புருஷன் நடமாடிக்கொண்டு இருந்தார், விட்ட பிறகுதான் படுத்தார் என்பது அவள் கணக்கு. பார்க்காத வரைக்கும் வியாதி இல்லை, பார்த்தால் வந்துவிடும் என்று அவள் மனது நம்பியது. அது சரியில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சில நாள் கழித்து எல்வின் வேறு ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடன் தங்கியிருப்பவன் ஒரு வீடியோ காட்டினானாம். உடம்பில் அமிலம் ஏறினால் புற்றுநோய் வருமாம். ஆல்கலைன் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறதாம். அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் அமிலம் போய்விடுமாம், அந்த ரத்தத்தில் புற்று உயிரோடு இருக்க முடியாதாம்.

"ஒண்ணு குழாய் விட்டுப் பாரு. இல்லன்னா இந்தச் சாப்பாடு சாப்பிடு. ரெண்டுல ஒண்ணு நீ செஞ்சாகணும்மா. எனக்கு இங்க தூக்கமே இல்ல."

பாத்திமா மேரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா நீ சொல்ற சாப்பாட்டையே சாப்பிடுறேன். குழாய் மட்டும் வேணாம்ப்பா."

அவன் சத்தியம் கேட்கவே இல்லை. இவளாகத்தான் கொடுத்தாள். அந்த வீட்டில் மாதா மேல் சொன்ன வார்த்தை மற்ற வார்த்தை போல இல்லை. குழந்தைராஜ் ஒரு காலத்தில் குடித்தவர். வேளாங்கண்ணி மண்ணில் நின்று ஒரு தரம் சத்தியம் செய்தார், அதன் பிறகு சாகும் வரைக்கும் தொடவில்லை. ஆரோக்கிய மாதா பேரைச் சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டியது மாதிரி.

மறுநாளே ஜெனித் போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "அத்தை, சோறு கூடாதாம். மீன், முட்டை, கறி கூடாது. டீ கூடாது. சீனி கூடாது."

"வேற என்னதான்டி கூடும்?"

"கீரை, வெள்ளரிக்கா, சொரக்கா, பழம். காலைல எலுமிச்சம்பழத் தண்ணி."

"எலுமிச்சம்பழமா? அது புளிக்குமேடி. புளிக்கிறது அமிலம் இல்லையாம், சப்புனு இருக்கிற சோறு அமிலமாமா?"

"எனக்கு என்ன தெரியும் அத்தை. அவங்க அனுப்பினதுல அப்படித்தான் இருக்கு."

சுவரில் இருந்த உருண்டை பேசியது. "உள்ள போனதும் அது மாறிடும்மா. எலுமிச்சை தண்ணில ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக்க. அதான் முக்கியம்."

"சரிப்பா" என்றாள்.

ஆப்பசோடா போட்ட தண்ணீரைக் குடித்த உடனே எரிச்சல் சட்டென்று அடங்கியது. பெரிய ஏப்பம் வந்தது. மாதாவே கைவைத்துத் தடவியது போல இருந்தது. இது நல்லதுதான் போல என்று அவள் மெய்யாகவே நம்பினாள். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் திரும்பியது. மறுபடி ஒரு டம்ளர் குடித்தாள். சிட்டிகை அரைக் கரண்டி ஆயிற்று. சொம்பு கையை விட்டு இறங்கவில்லை.

லீவில் வந்த ஒரு பையன் கையில் எல்வின் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினான். உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பட்டைகள். காலை முதல் சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். மஞ்சள் என்றால் அமிலம், பச்சை என்றால் ஆல்கலைன்.

அந்தப் பட்டையைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்ட வேண்டும். பெற்ற மகன்தான், இருந்தாலும் கூச்சம் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"பச்சைம்மா! நல்லா பச்சை" என்று உருண்டை சிரித்தது. அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அந்தச் சிரிப்புக்காகவே அவளால் எதையும் சொல்ல முடியாமல் போயிற்று.

கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். தட்டில் வெந்த கீரையும் வெள்ளரித் துண்டும். ஜெனித் தன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கேமரா பார்க்காத மூலைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்தப் பிள்ளைக்கும் தொண்டையில் இறங்காது. "அத்தை, நானும் விட்டுடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீ புள்ள உண்டாக வேண்டியவ. தின்னுடி" என்றாள் பாத்திமா மேரி.

சம்பாவுக்குக் களை எடுக்கும் காலம் வந்தது. வரப்பில் நின்றால் வயல் சுற்றியது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. தலைக்குள் எந்நேரமும் ஒரு இரைச்சல். ஒரு நாள் சேற்றில் உட்கார்ந்தே விட்டாள். கூட வேலை செய்த பெண்கள் கைத்தாங்கலாகக் கரையேற்றினார்கள். "மவன் வெளிநாட்டுல, இவ பட்டினி" என்று அவர்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அடுத்த வீடு சைத்தூன் பீவியின் வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாயாடுவாள், மனசு தங்கம்.

"என்னக்கா, உன் மவன் செவுத்துல உக்காந்துகிட்டு உன் வாயையே பாக்குறானாம்ல?"

"பாசத்துல செய்றான் சைத்தூனு."

"நான் இல்லைங்கல. எங்க வூட்டு ஆட்டையும் பாசத்துலதான் கட்டிப்போட்டிருக்கேன். இங்க வா, நாகப்பட்டினத்து மத்தி. நேத்து வச்ச கொழம்பு."

வேலி ஓட்டை வழியாகப் பாத்திமா மேரி போனாள். போகக் கூடாது என்றுதான் நினைத்தாள், கால் கேட்கவில்லை. பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, சுண்டிய மத்திக் குழம்பை ஊற்றினாள் சைத்தூன். முதல் கவளம் உள்ளே போனபோது பாத்திமா மேரிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றாள்.

கை கழுவும்போதுதான் மாதா ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து வரிசையில் போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மாதா பேரில் சொன்ன வார்த்தையை மீன் குழம்புக்கு விற்ற நாக்கில் ஆண்டவரை எப்படி வாங்குவது? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. சோற்றை விட்டாள், உடம்பு போயிற்று. சோற்றைத் தொட்டாள், நற்கருணை போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்பாக இருந்தது. மகனிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால், அவன் மறுபடி குழாய்க்குத்தான் வருவான்.

இப்படி இருக்கும்போது பொங்கல் வந்தது. அந்த ஊர்க் கோயிலில் ஒரு பழக்கம். புது நெல் அரிசியில் கோயில் வாசலிலேயே பொங்கல் வைப்பார்கள். பங்குச் சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். பிறகு அவரே கரண்டி பிடித்து ஆளுக்கொரு இலைத் துண்டில் வைப்பார். வாங்கியதை அங்கேயே நின்று சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

பாத்திமா மேரியின் இலையிலும் வைத்தார். அதிலே அவள் வயல் அரிசியும் கலந்திருந்தது. மந்திரித்த சோறு, வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாதா மேல் சத்தியம், தின்னவும் முடியாது. இலையை ஏந்தியபடியே வேப்பமரத்தடியில் நின்றாள். சுற்றிலும் எல்லாரும் தின்று கை கழுவிப் போய்விட்டார்கள். அவள் கையில் பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது.

சாமியார் இளவயசுக்காரர், சீர்காழிப் பக்கம். கரண்டியை வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"என்னம்மா, பூசையிலயும் வாங்குறதில்ல, பொங்கலும் திங்குறதில்ல. என்மேல ஏதும் கோபமா?"

"அய்யோ, இல்லைங்க சாமி."

"அப்ப வாங்க, உக்காந்து பேசுவோம்."

கோயில் பின்பக்கப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோ, பட்டை, மத்திக் குழம்பு ஒன்றும் விடவில்லை. "இது பாவசங்கீர்த்தனமாவே இருக்கட்டும் சாமி, என் பாவத்தைச் சொல்லிட்டேன்" என்றாள்.

"அந்தச் சத்தியத்தை நான் மாத்தித் தரலாம்மா. அதுக்குத் திருச்சபையில வழி இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன். சோறு வேணாம்னா மாதா மேல சத்தியம் பண்ணினீங்க?"

"ஆமாங்க சாமி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "குழாய் வேணாம்னு."

"அதான். உங்க பயத்துக்கு முன்னால மாதாவைக் கொண்டுபோய் நிறுத்திட்டீங்க. அவங்க ஆரோக்கிய மாதாம்மா. உடம்பைப் பாக்காதேன்னா சொல்லுவாங்க?"

"மாத்திக் குடுங்க சாமி. வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன். மண்ணுல முழங்கால் போட்டுப் போறேன்."

"அது உங்களுக்குச் சுலபம். தஞ்சாவூர் போயிட்டு வாங்க. பழைய சத்தியத்துக்குப் பதில் இதான். இப்ப பொங்கலைச் சாப்பிடுங்க, ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்குங்க."

பொங்கலைத் தின்றாள். அது மண்ணாக இருந்தது. முந்தின சத்தியத்திலாவது தப்பிக்க ஒரு வேலி ஓட்டை இருந்தது. இதில் அதுவும் இல்லை.

ஜெனித்தோடு கும்பகோணம் போய்த் தஞ்சாவூர் பஸ் ஏறினாள். வெறும் வயிறு. வழி நெடுக ஜெபமாலை உருட்டினாள், ஆனால் எந்த மணியில் விரல் இருக்கிறது என்று ஞாபகம் இல்லை. பாபநாசத்தில் இறங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு. ஜெனித் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் கை இவள் கையை விடச் சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்கு மருந்து அடித்தார்கள். நாக்கு கட்டையாகிப் போயிற்று. பக்கவாட்டில் படுக்க வைத்து வாயில் ஒரு வளையத்தைக் கொடுத்தார்கள். குழாய் இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு புருஷனை நினைத்தாள். இவரும் இப்படித்தானே படுத்திருப்பார், பக்கத்தில் கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்று முதல் தடவையாக நினைத்தாள்.

டாக்டர் அமிர்தலிங்கம் என்பவர் பார்த்தார், வயசானவர். பார்த்து முடித்து இருவரையும் சேர்த்தே உட்கார வைத்தார். யாரையும் வெளியே அனுப்பவில்லை. அதிலேயே பாத்திமா மேரிக்குப் பாதி உயிர் வந்தது.

"வயித்துல புண்ணு இருக்கும்மா. மேல ஏறி ஏறி உணவுக்குழாயும் வெந்திருக்கு. கட்டி எதுவும் இல்ல. ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கேன், வழக்கமா செய்றதுதான். மாத்திரையில சரியாப்போகும். ஆனா ரத்தம் கொறஞ்சிருக்கு, ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

ஜெனித் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தினம் எத்தனை டம்ளர் ஆப்பசோடா?"

பாத்திமா மேரி கட்டை நாக்கோடு, "எரியறப்பல்லாம்" என்றாள்.

"அது அத்தனையும் உப்பும்மா. அதான் கால் வீங்குது, தலை சுத்துது."

அதற்குள் ஜெனித்தின் போன் அடித்தது. எல்வின். தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் வெயிலும் இரும்புச் சட்டமும். "என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று இரண்டு தரம் கேட்டான். ஜெனித் போனை டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். எல்வின் விடவில்லை.

"ஆனா சார், பட்டையில பச்சையா வந்துச்சே. ரத்தம் ஆல்கலைனா மாறிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"மாறினது மூத்திரம்தான் தம்பி, ரத்தம் இல்ல. நீங்க எதைத் தின்னாலும் ரத்தம் ஒரே அளவுலதான் நிக்கும். நுரையீரலும் கிட்னியும் அதைப் பாத்துக்கும். அது கொஞ்சம் நகந்தாகூட ஆளு என் முன்னால உக்காந்திருக்க முடியாது. வேண்டாததைக் கிட்னி வெளிய தள்ளுது, அதைத்தான் பட்டையில பாத்திருக்கீங்க."

"அப்ப கீரையெல்லாம் சும்மாவா சார்?"

"யாரு சொன்னா? கீரை, காய், பழம் எல்லாம் நல்லதுதான், நிறைய சாப்பிடட்டும். ஆனா நல்லது செய்றது கீரை. ஆல்கலைன்ங்கிற பேரு இல்ல. அதுக்காகச் சோத்தையும் மீனையும் முட்டையையும் நிறுத்திட்டு உங்க அம்மா வயல்ல எப்படி வேலை செய்வாங்க?"

இரும்பில் இரும்பு மோதும் ஓசை மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று டாக்டர் போனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்வின் பேசினான், குரல் வேறு மாதிரி இருந்தது.

"சார். எங்க அப்பா வயித்துல புத்து வந்து செத்தாரு. நான் இங்க இருந்தேன். அவருக்கு முன்னாடியே இந்தச் சாப்பாட்டைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

பாத்திமா மேரி நிமிர்ந்தாள். இத்தனை மாதமும் கீரையையும் பட்டையையும் வைத்து இவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா? தான் அண்ணன் பார்த்த அந்தச் சுவருக்குப் பயந்து ஒளிந்தது போல, பிள்ளை அந்த வீடியோவுக்குள் போய் ஒளிந்திருக்கிறான்.

டாக்டர் அவசரப்படவில்லை. "இல்ல தம்பி. எந்தச் சாப்பாடும் அந்த வியாதியைக் கரைச்சிருக்காது. சீக்கிரம் பாத்திருந்தா ஒருவேளை ஏதாவது செஞ்சிருக்கலாம். சாப்பாட்டால இல்ல. நீங்க அங்க இருந்ததால இல்ல."

போனைப் பாத்திமா மேரி வாங்கினாள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், தொப்பி மட்டும்தான் தெரிந்தது. தூரத்தில் யாரோ அரபியில் அதட்டினார்கள்.

"அம்மா, கூப்பிடுறாங்கம்மா. வேலை நேரம். வச்சிடறேன்."

"எப்பப்பா வருவ?"

"காண்ட்ராக்ட் முடியணும்மா. அதுக்கு முன்னால விடமாட்டாங்க."

தெரிந்த பதில்தான். அவளுக்குத் தஞ்சாவூர் வருவதற்கு ஒரு பஸ் இருந்தது. அவனுக்கு அப்படி எந்த பஸ்ஸும் இல்லை.

மறுபடி அதட்டல் கேட்டது. அவன் கை போனை அணைக்க வந்தது.

மரத்த நாக்கைப் புரட்டிப் புரட்டி அவள் சொன்னாள். "இருப்பா. அவங்க கத்தட்டும். அப்பாவுக்கு அழுதுட்டு வை."